என் பெயரில் ஒரு துப்பாக்கி

ஹல்துமுல்லைக்குக் கீழே, தேயிலை முடிந்து காடு தொடங்குகிற சரிவில் எங்களுக்கு ஒரு குத்தகைக் காணி இருந்தது. காலையில் பனிமூட்டம் விலகும்போது கீழ்நாட்டுக் காடு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். உள்ளேயிருந்து மயில் கத்துவது கேட்கும். பார்க்க அழகான இடம். பயிர் செய்யத்தான் பொல்லாத இடம். அந்தக் காட்டிலிருந்து பன்றிகள் ஏறி வந்தால் முதலில் விழுகிற நிலம் எங்களுடையதுதான்.

என் வீட்டுக்காரர் முன்பு தோட்டத்தில் காவல்காரராக இருந்தவர். தேயிலை நாற்றுமேடையைப் பன்றி கிளறாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அதற்காக, குழல்வாய் வழியே வெடிமருந்து போட்டு இடிக்கிற பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். லைசன்சும் அவர் பெயரில் இருந்தது. சுடுவதில் கெட்டிக்காரர். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் தன்னை அலட்சியக்காரனாக்கியது என்று பின்னாளில் அவரே சொல்வார்.

ஒரு விடியற்காலையில் காவல் பரணிலிருந்து கீழே இறங்கி நின்றுகொண்டு, மேலே கிடந்த துப்பாக்கியைக் குழலைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்திருக்கிறார். அது வெறுந் துப்பாக்கி என்றே நினைத்திருக்கிறார். இரவில் சுட்டுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் மறுபடி மருந்து ஏற்றி வைத்தது ஞாபகத்தில் இல்லை. மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு என்கிற சின்ன வெடிமூடியைத் தட்டும் குதிரை என்ற சுத்தி, பரண் கட்டிய கயிற்றில் மாட்டி விழுந்தது. வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிஞ்சின.

காவல் வேலை போயிற்று. நாங்கள் தோட்டத்துக் குடியிருப்பு வரிசையான லயத்தை விட்டு வெளியேறி, குத்தகைக் காணியிலேயே ஒரு குடிசை போட்டுக்கொண்டோம். நான் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போவதை விடவில்லை. விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலையேறுவேன். வேலை விட்டு வந்து காணியில் இறங்குவேன். துப்பாக்கியை ஊர்த் தலைமைக்காரரான ஆராச்சி வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார். அந்த வருஷம் யாரும் லைசன்சைப் புதுப்பிக்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார். யாராவது தூரத்தில் வெடி வைத்தால்கூட வலது கையை எடுத்து இடது அக்குளுக்குள் வைத்துக்கொள்வார்.

பன்றிகளுக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டதோ என்னவோ. சோளம் பால் பிடிக்கிற சமயம் பார்த்து வரும். தகரம் தட்டினோம். முதலில் ஓடின, பிறகு சற்றுத் தள்ளி நின்று கேட்டன, பிறகு தின்றுகொண்டே கேட்டன. ஓடைக்கு அந்தப் பக்கம் துப்பாக்கி வைத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அவர் தனக்கு இறைச்சி வேண்டுமென்றால் வருவார். நமக்குக் காவல் வேண்டுமென்றால் வரமாட்டார்.

ஒரு நாள் காலையில் எழுந்து போனால், வத்தாளங்கிழங்கு, அதுதான் சர்க்கரைவள்ளி, போட்ட பாத்தி முழுவதும் ஏர் உழுத மாதிரி புரண்டு கிடந்தது. கொடிகள் வேர் மேலே தெரிய வாடிக் கிடந்தன. என் வீட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து, ஒரு கொடியை எடுத்து இடது கையால் மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தார். அந்தக் கொடியை வைத்து இனி ஒன்றும் ஆகப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"லைசன்ஸ் எடுக்கலாம்" என்றேன்.

"இந்தக் கையோடவா?"

"உங்களுக்கு இல்ல. எனக்கு."

அவர் தலைதூக்கிப் பார்த்தார். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார். "அது என்னா, அருவான்னு நெனச்சியா?"

"அருவாவும் கைய வெட்டத்தான் செய்யும். நா இத்தன வருசமா புடிக்கலையா?"

அவர் கொடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். மறுநாள் நான் வேலை விட்டு வந்தபோது, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "வா, ஆராச்சிகிட்டப் போவோம்" என்றார்.

ஆராச்சி சிங்களவர், நல்ல மனுஷர். எங்கள் தமிழ் அவருக்கு நன்றாக வரும். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார். உள்ளே இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் அதைச் சொல்லி மறுபடியும் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ கேட்டார். ஆராச்சியின் சிரிப்பு நின்றது.

"பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கான்னு கேக்கிறா. இல்லத்தான். ஆனா இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல" என்றார்.

மறுநாள் அவரே வந்து பாத்தியைப் பார்த்தார். குளம்படிகளைக் குனிந்து பார்த்தார். பிறகு விவரம் சொன்னார். ஊரில் அங்கங்கே துப்பாக்கி வெடித்து ஆட்கள் அடிபட்டதால், புதிதாகக் கேட்கிறவர்கள் பண்டாரவளைப் போலீஸ் சார்ஜனிடம் போய், துப்பாக்கியை ஆபத்தில்லாமல் கையாளத் தெரியும் என்று காட்டி எழுதி வாங்கவேண்டும். அதையும் ஆராச்சியின் சிபாரிசையும் கொண்டுபோய்ப் பதுளைக் கச்சேரியில் கொடுக்கவேண்டும். கச்சேரி என்றால் மாகாணத்துக்குப் பொறுப்பான ஏஜண்டு துரை உட்கார்ந்திருக்கிற அரசாங்க ஆபீஸ். துரை சம்மதித்தால் லைசன்ஸ் கிடைக்கும். அதுவரைக்கும் துப்பாக்கி பெட்டகத்தை விட்டு வெளியே போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வீட்டு முற்றத்தில், தன் கண் முன்னால் தொட்டுப் பழகலாம். மற்ற நாளில் கூடாது.

"மத்த நாளுக்கு நா வழி பண்ணிக்கிறேன் மாத்தயா" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் பண்ணிய வழி ஒரு கொய்யாக் கொம்பு. துப்பாக்கி நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கத்தில் பழைய மண்வெட்டி இரும்பைக் கட்டிக் கனமாக்கி, என் கையில் கொடுத்தார். "இது துப்பாக்கி. இதுக்குள்ள எப்பவும் மருந்து இருக்கு. இல்லன்னு யாரு சொன்னாலும் நம்பாத. நானே சொன்னாலும் நம்பாத" என்றார்.

வேலை விட்டு வந்த நேரமெல்லாம் அந்தக் கொம்போடுதான் இருந்தேன். தண்ணீர் எடுக்கப் போனால் தோளில் கொம்பு. மாட்டுக்குப் புல் அறுக்கப் போனால் பக்கத்தில் கொம்பு. தண்ணீர் ஓடுகிற கான் தாண்டும்போது எப்படிப் பிடிக்கவேண்டும், வேலி தாண்டும்போது எப்படி முதலில் அதைக் கீழே வைத்து, குழலை வேறு திசையில் திருப்பி, பிறகு தாண்டி வந்து அடிக்கட்டையைப் பிடித்து எடுக்கவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். குழலைப் பிடித்து இழுக்கிற பேச்சே கூடாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வலது கை அக்குளுக்குள் போய்விடும்.

சொல்லிக் கொடுத்ததைவிடப் பெரிய தொல்லை அவர் வைத்த பரீட்சை. நான் வேறு நினைப்பில் நடந்துகொண்டிருப்பேன். பின்னாலிருந்து திடீரென்று "ஏ புள்ள!" என்று கூப்பிடுவார். நான் திரும்புவேன், என்னோடு சேர்ந்து கொம்பும் திரும்பும். உடனே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நான் செத்துட்டேன்" என்பார். சொல்லிவிட்டுச் சும்மா போகமாட்டார். அந்த இடத்திலேயே, சேறானாலும் சரி, மல்லாந்து படுத்துவிடுவார். நான் போய்க் கை கொடுத்துத் தூக்கவேண்டும். ஒரு தடவை தோட்டத்து ரோட்டில், கொழுந்துக் கூடையோடு பெண்கள் வந்துகொண்டிருக்கும்போது இப்படிப் படுத்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. "பொண்டாட்டி கம்பைக் காட்டினதும் மயங்கி விழுந்திட்டாரு" என்று லயமெல்லாம் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமே கிடையாது. "சிரிக்கட்டும். நெசத் துப்பாக்கியா இருந்தா அழுதிருப்பாளுக" என்றார்.

நாள் போகப் போக அவர் சாவது குறைந்தது. என் உடம்பு திரும்பினாலும் கொம்பின் முனை தானாகத் தரையைப் பார்க்கப் பழகிவிட்டது. ஒரு நாள் புல்லுக்கட்டோடு வரும்போது இரண்டு பக்கமும் மாறி மாறிக் கூப்பிட்டுப் பார்த்தார். முனை தரையை விட்டு எழவில்லை. அவர் என் தலையிலிருந்த கட்டை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராச்சி வீட்டு முற்றத்தில் நிசத் துப்பாக்கி. எவ்வளவு மருந்து, அதன்மேல் தேங்காய்ப் பொச்சு, எவ்வளவு ரவை, மறுபடி பொச்சு, இடிகம்பியால் எவ்வளவு அழுத்தம், எல்லாம் பழகினேன். அவர் இடது கையால் காட்டுவார். நான் இரண்டு கையால் செய்வேன். கேப்பு மட்டும் கடைசியில்தான், சுடப் போகும்போதுதான். முதல் தடவை மண் மேட்டைப் பார்த்துச் சுட்டபோது கண்ணை மூடிக்கொண்டேன். "கண்ண மூடிக்கிட்டுச் சுடுறதுக்கு நீ வேணாம், நானே போதும்" என்றார். ஆராச்சியின் மனைவி எனக்குத் தேத்தண்ணீரும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து தந்தார். அதற்குப் பிறகு நான் கண்ணை மூடவில்லை.

கார்த்திகை மழை விட்டதும் புறப்பட்டோம். ஹப்புத்தளை வரை மேடேறி நடந்து, அங்கிருந்து ரயில். அப்போது ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். நான் ரயிலில் ஏறியது அதுவே முதல் தடவை. ஆனால் வெளியே பார்த்ததாக நினைவில்லை. மருந்து, பொச்சு, ரவை, பொச்சு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

போலீஸ் சார்ஜன் மலாய்க்காரர். நரைத்த மீசை, அதிகம் பேசாத மனுஷர். என் வீட்டுக்காரரை வெளியே மர வாங்கில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பின்வாசலுக்கு அழைத்துப் போனார். சுவரில் சாத்தியிருந்த ஒரு துப்பாக்கியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"பயப்படாதீங்க. உள்ள ஒண்ணும் இல்ல. வெறும் துப்பாக்கி."

நான் வாங்கி, குழலை ஆள் இல்லாத பக்கம் மண்மேட்டுக்குத் திருப்பிக்கொண்டேன். குதிரையைப் பார்த்தேன், கேப்பு இல்லை. பிறகு இடிகம்பியை உருவி, குழலின் வெளிப்பக்கமாக வைத்து அடிவரைக்கும் அளந்து, விரலால் அடையாளம் பிடித்துக்கொண்டேன். அதே கம்பியைக் குழலுக்குள் விட்டேன். விரல் பிடித்த இடம் வரைக்கும் உள்ளே இறங்கியது. உள்ளே மருந்தோ ரவையோ இருந்தால் அவ்வளவு தூரம் இறங்காது.

"நாந்தான் சொன்னேனே வெறும் துப்பாக்கின்னு. போலீஸ்காரன் சொன்னா நம்ப மாட்டீங்களா?" என்று சார்ஜன் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்.

பதில் தானாக வந்தது. "ஐயாவ நம்புறேங்க. துப்பாக்கியத்தான் நம்ப மாட்டேன். வெளிய உக்காந்திருக்கவரு கையப் பாருங்க. அவரும் வெறும் துப்பாக்கின்னுதான் நெனச்சாரு."

சார்ஜன் வாசல்வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு வேலி தாண்டிக் காட்டச் சொன்னார். மருந்து ஏற்றிக் காட்டச் சொன்னார். மண்மேட்டில் வைத்த சிரட்டையைச் சுடச் சொன்னார். சிரட்டை சிதறியது. உள்ளே போய் எழுதிக்கொண்டு வந்தார். காகிதத்தை என்னிடம் தராமல் வெளியே போய் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, "யாரு பழக்கினது?" என்று கேட்டார். அவர் எழுந்து நின்று, "நாந்தாங்க" என்றார். சார்ஜன் கை நீட்டினார். என் வீட்டுக்காரர் ஒரு கணம் தயங்கி, அக்குளிலிருந்து வலது கையை எடுத்துக் கொடுத்தார். அந்தக் கையை வெளியாள் ஒருவர் பிடித்துக் குலுக்கியதை அன்றுதான் பார்த்தேன்.

பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டி. ஹாலிஎலையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் எங்களுக்குத் தங்க இடம் கொடுத்தார். காலையில் பதுளைக்கு நடந்தோம். கச்சேரி வராந்தாவில் தலைப்பாகைக்காரர்களும் கோட்டுக்காரர்களும் நின்றார்கள். பெண் என்று நான் ஒருத்திதான். எங்கள் முறை வந்ததும் கிளார்க் ஐயா நிமிர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"ஆருக்கு லைசன்ஸ்? உமக்கோ?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார்.

"எனக்குங்க" என்றேன் நான்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "உமக்கோ? துவக்கு உமக்கோ?"

"ஆமாங்க."

காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் படித்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. எங்களை இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் துரை கூப்பிடுவதாக வந்து சொன்னார்.

துரையின் அறை பெரியது. தரை அவ்வளவு பளபளப்பாக இருந்ததால் எங்கள் கால் மண் பட்டுவிடுமோ என்று ஓரமாக நின்றோம். துரை இங்கிலீஷில் கேட்பார். கிளார்க் ஐயா தமிழில் சொல்வார். காணி எங்கே, பன்றி எந்தப் பக்கத்தால் வரும், அந்தப் பக்கத்தில் ஆள் நடக்கிற பாதை உண்டா, வீட்டில் துப்பாக்கியை எங்கே வைப்பாய் என்றெல்லாம் கேட்டார். துப்பாக்கி கூரைவளையில் மாட்டியிருக்கும், மருந்தும் கேப்பும் வேறு வேறு டப்பாவில் பூட்டியிருக்கும் என்றேன். துரை தலையசைத்தார். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து ஏதோ கேட்டார்.

கிளார்க் ஐயா அதைச் சொல்லத் தயங்கினார். "துரை கேக்கிறார், மனுசி கையில துவக்கு இருந்தால் உமக்குப் பயமில்லையோ எண்டு."

என் வீட்டுக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். "துரைகிட்ட சொல்லுங்க. துப்பாக்கி என் கையில இருந்தப்ப எனக்குப் பயமே இருந்ததில்ல. அதனாலதான் இந்தக் கை போச்சு. இவ ஒவ்வொரு தடவயும் பயந்து பயந்து பாத்துத்தான் தொடுவா. இவ கையில இருந்தா யாரும் பயப்பட வேணாம்."

கிளார்க் ஐயா அதை இங்கிலீஷில் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு சொல்லையும் விடாமல் சொல்லியிருக்கவேண்டும். துரை பேனாவை எடுத்தார்.

வெளியே வந்து நான் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தைக் காட்டி, கிளார்க் ஐயா மை தடவிய பஞ்சை என் பெருவிரலுக்குப் பக்கத்தில் நகர்த்தினார். நான் பேனாவைக் கேட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் பழகிய என் பெயரை, நெளிவு சுளிவு எல்லாம் சரியாக வருகிற மாதிரி நிதானமாக எழுதினேன். "வடிவாய் எழுதுறீர்" என்றார் அவர். அந்தக் காகிதத்தில் துப்பாக்கிக்காரர் என்கிற இடத்தில் என் பெயர் இருந்தது; இன்னாருடைய பெண்சாதி என்பது அதற்குக் கீழேதான். என் வீட்டுக்காரர் அதைப் பதுளையிலிருந்து ஹாலிஎலை வரும்வரை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. "இதுல எது உன் பேரு?" என்று கேட்டார். தொட்டுக் காட்டினேன்.

ஆராச்சி பெட்டகத்தைத் திறந்து துப்பாக்கியை என் கையில் கொடுத்த அன்று, காட்டுப் பாதையாகப் போய்விடலாம் என்று நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. "ரோட்டு வழியாவே வா" என்றார். வேலை விடுகிற நேரம். கணக்கப்பிள்ளையும் கங்காணிமாரும் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றார்கள். நான் குழலைத் தரைக்குச் சாய்த்துப் பிடித்தபடி நடுரோட்டில் நடந்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஒரு கங்காணி பாதையை விட்டு ஒதுங்கி நின்று வழிவிட்டார். அந்த ரோட்டில் அத்தனை வருஷமாக நான்தான் அவருக்கு ஒதுங்கி நின்றிருக்கிறேன்.

பன்றி வந்தது தை பிறந்த பிறகு. விடிந்து, வரப்பு தெளிவாகத் தெரிகிற வெளிச்சத்தில், சோளத்துக்குள்ளிருந்து பெரிய தனிப்பன்றி ஒன்று வெளியே வந்து நின்றது. துப்பாக்கியைத் தூக்கினேன். ஆனால் அதற்கு நேர் பின்னால் தண்ணீர்ப் பாதை. ஆள் யாரும் கண்ணுக்குத் தெரியவில்லை, யாராவது வரக்கூடும். நான் சுடவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த என் வீட்டுக்காரர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்றி மெதுவாகக் கிழங்குப் பாத்திப் பக்கம் திரும்பி நடந்தது. பின்னால் வெறும் மண்சரிவு வந்ததும் விசையை இழுத்தேன். கண் திறந்தே இருந்தது.

புகை விலகியபோது பன்றி விழுந்து கிடந்தது. நான் எழுந்து ஓடப் பார்த்தேன். அவர் என் சேலையைப் பிடித்து நிறுத்தினார். "மொதல்ல மருந்து ஏத்து. அப்புறம் போ." ஏற்றினேன். இன்னொரு வெடி தேவைப்படவில்லை.

அன்று லயத்திலிருந்து ஆட்கள் வந்து வெட்டிப் பங்கு போட்டார்கள். ஆராச்சி வீட்டுக்கு ஒரு தொடை போயிற்று. முதல் பங்கு சுட்டவருக்கு என்பது வழக்கம். வெட்டினவர் அதை இலையில் வைத்துப் பழக்கதோஷத்தில் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் கை கட்டிக்கொண்டு என் பக்கம் கண்ணைக் காட்டினார்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனேன். துப்பாக்கி உதைத்ததில் தோள்பட்டை நாவற்பழ நிறத்துக்குக் கன்றிப்போயிருந்தது. குடத்தைத் தூக்கவே முடியவில்லை. பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். "எங்க, காட்டு, காட்டு" என்றார்கள். இன்னொரு நாளாக இருந்தால் கூச்சப்பட்டிருப்பேன். அன்று சேலையை விலக்கித் தோளைத் திருப்பிக் காட்டினேன். ஒருத்தி தொட்டுப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றேன், சிரித்துக்கொண்டே. பின்னால் நின்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் திரும்பி நின்றேன்.